மூத்தது பெண்ணாக இருந்தால் அந்தக் கூடுதல் பங்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாகப்பிரிவினை பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரைக்கு ஒரு வாசகர் பதில் எழுதியிருந்ததைப் படித்தேன். மூத்த மகனுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது முன்னோர் வகுத்த வழக்கம், எல்லோருக்கும் சமம் என்று சட்டம் சொன்ன பிறகுதான் அண்ணன் தம்பிகள் கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள் என்பது அவர் சொல்வதன் சாரம். பத்திரம் எழுதுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான், இப்போது தொழிலை மகனிடம் விட்டுவிட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் அவர் கடிதத்தை நிதானமாகவே படித்தேன். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அந்த முன்னோர் வழக்கத்தைப் பார்ப்போம். மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில், தகப்பன் சொத்து முழுவதையும் மூத்தவனே எடுத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் தகப்பனை அண்டியிருந்த மாதிரி அவனை அண்டிப் பிழைக்கட்டும் என்று இருப்பது உண்மை. கொஞ்சம் தள்ளி அதே அத்தியாயத்தில், பிரிப்பதாக இருந்தால் மூத்தவனுக்கு இருபதில் ஒரு பங்கு கூடுதல், இருப்பதில் நல்ல பொருளும் அவனுக்கு என்றும் இருக்கிறது. ஆனால் தர்மசூத்திரம் எழுதிய ஆபஸ்தம்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. மனு தன் சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார் என்றுதானே வேதத்தில் இருக்கிறது, அதில் மூத்தவன் இளையவன் என்ற பேதம் எங்கே என்று கேட்டவர் அவர். சுமார் தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் மிதாட்சரம் என்ற சட்ட நூலை எழுதிய விஞ்ஞானேசுவரர் இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்றத்தாழ்வாகப் பிரிப்பது சாஸ்திரத்தில் இருந்தாலும் உலகம் அதை வெறுக்கிறது, ஆகவே அப்படிச் செய்யக் கூடாது என்று எழுதிவிட்டார். நம் பக்கத்து இந்துக் குடும்பச் சொத்துக்கு வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டிலிருந்து அடிப்படையாக எடுத்துக்கொண்டது இந்த மிதாட்சரத்தைத்தான். ஆக, 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் போட்டு யாரும் எதையும் புதிதாகக் கலைக்கவில்லை, அந்த ஜேஷ்ட பாகம் என்கிற மூத்தவன் பங்கு அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே செல்லாக்காசாகிவிட்ட ஒன்று. (முஸ்லிம் சட்டத்திலும் மகன்களுக்குள் மூத்தவன் இளையவன் வித்தியாசம் கிடையாது, கிறிஸ்தவர்களுக்கும் 1925ஆம் வருடத்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகள் எல்லோரும் சமம். அதனால் நான் இங்கே பேசுவது முக்கியமாக இந்துக் குடும்பங்களைப் பற்றி.)

முழுச் சொத்தும் மூத்தவனுக்கே என்ற வழக்கம் நிஜமாகவே உயிரோடு இருந்த இடம் ஜமீன்கள். ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் மாதிரி இடங்களில் பாளையத்தை வெட்டிப் பங்கு போட்டால் படையும் போய்விடும், கப்பம் கட்டவும் ஆள் இருக்காது, அதனால் ஒருவருக்கே பட்டம் என்று வைத்தார்கள், கம்பெனிக்காரனும் 1802க்குப் பிறகு நிரந்தரமாக வரி நிர்ணயித்து சனது என்கிற உரிமைப் பத்திரம் கொடுத்தபோது ஒரே ஆளிடம் வசூலிப்பது வசதி என்று அதை விட்டுவைத்தான். சரி, அங்கே சண்டை இல்லாமல் இருந்ததா? சிவகங்கையில் 1829இல் ஜமீன்தார் இறந்ததும் தொடங்கிய வழக்கு, மனைவிகள், மகள்கள், அண்ணன் வகைப் பிள்ளைகள் என்று ஆள் மாறி ஆள் மாறி நடந்து 1863இல் அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த்தான் முடிந்தது. முப்பத்து நான்கு வருடம். பிரிக்கக் கூடாத ஜமீன்களுக்கென்று சென்னை மாகாணத்தில் 1904இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது, 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கூத்து அடங்கியது. பக்கத்தில் கேரளத்து நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகன் ஒருவன்தான் சொந்த ஜாதியில் கல்யாணம் செய்யலாம் என்று வைத்திருந்தார்கள், சொத்து சிதறாமல் இருந்தது, ஆனால் தம்பிகளுக்கு இல்லத்தில் குடும்பம் என்று ஒன்று இல்லை, அந்தச் சமூகத்துப் பெண்களில் எத்தனையோ பேருக்குக் கல்யாணமே இல்லை. ஒற்றுமைக்கு வழி என்று நம் வாசகர் காட்டுகிற மரபு இதுதான் என்றால் எனக்கு வேண்டாம்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது மூத்தவன் பங்கு இல்லையா என்றால், இருக்கிறது. பத்திரத்தில் அந்தப் பெயரில் இருக்காது, அவ்வளவுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன், எங்கள் பக்கம் இது வாராவாரம் நடக்கும். மூன்று அண்ணன் தம்பி, நாலரை ஏக்கர், ஆளுக்கு ஒன்றரை. தாளில் பார்த்தால் தராசு நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் வரைபடத்தைப் பிரித்து வைத்தால் தார்ரோட்டை ஒட்டிய ஒன்றரை மூத்தவருக்கு, கிணறும் அதில்தான், இலவச மின் இணைப்பும் அந்தக் கிணற்று மோட்டாரில்தான், அதுவும் அவர் பெயரில். நடுவிலவனுக்கு நடுப்பகுதி. கடைசித் தம்பிக்கு ஓடைக்கரையை ஒட்டி, வண்டிப்பாதை இல்லாமல், அண்ணன்மார் இருவருடைய வரப்பு மேல் நடந்துபோக வேண்டிய இடம். "மேற்படி கிணற்றிலும் மோட்டாரிலும் மூவருக்கும் சமபாத்தியம், முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரு வரி சேர்ப்போம். அந்த ஒரு வரியை நம்பித்தான் தம்பி விவசாயம் செய்ய வேண்டும். மோட்டாரில் காயில் எரிந்தால் யார் செலவு? மும்முனை மின்சாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் அது யாருடைய முறை? அண்ணி பம்ப்செட் ரூமுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டால்? புது இணைப்புக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த இணைப்பின் விலை தெரியும். சந்தை மதிப்பு வைத்துக் கணக்குப் போட்டால் ரோட்டோர ஒன்றரையும் ஓடையோர ஒன்றரையும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அங்கே ஒளிந்திருக்கிறது ஐயா மூத்தவன் பங்கு.

இதற்குப் பழைய ஆட்களே ஒரு மருந்து வைத்திருந்தார்கள். மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எந்தத் துண்டு தன் தலையில் விழும் என்று தெரியாதவன் ஒழுங்காகத்தான் பிரிப்பான். அது ஒத்துவராத இடத்தில் சீட்டு எழுதிக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். மரபு மரபு என்று பேசுகிறவர்கள் இந்த மரபை மட்டும் ஏன் வசதியாக மறந்துவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் அண்ணனே பிரித்து அண்ணனே எடுத்துக்கொண்டு வந்து, தம்பிமாரைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராகப் பதிவு அலுவலகத்துக்கு வந்துவிடுகிறார்.

கொள்ளி போடுகிறவன் மூத்தவன், அதனால் அவனுக்குக் கூட என்று ஒரு வாதம் வரும். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பதுதானே எங்கள் பக்கம் வழக்கம், அப்படியானால் இளையவனுக்கும் ஒரு பிடி கூட்டிக் கொடுத்திருக்க வேண்டுமே, யாரும் கொடுத்து நான் எழுதியதில்லை. பெற்றவர்களைக் கடைசி வரை பார்த்துக்கொள்கிறவனுக்குத்தான் வீடு என்று போனால் மேகாலயாவில் காசி என்ற பழங்குடி மக்கள் கடைசி மகளுக்குப் பூர்வீக வீட்டைக் கொடுப்பது போல நாமும் கடைக்குட்டிக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் பல வீடுகளில் மூத்தவன் திருப்பூருக்கோ துபாய்க்கோ போய்ச் செட்டிலாகிவிட, மாட்டையும் ஆத்தாளையும் பார்த்துக்கொண்டு கிடப்பது கடைசிப் பையன்தான். மூத்தது மோழை இளையது காளை என்று பழமொழி வேறு. அதுவும் நியாயமில்லை என்று வையுங்கள், மூத்தவன் எல்லாம் மோழை இல்லை.

இப்போது நான் முதலில் சொன்ன அந்தப் பாதி நியாயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் தகப்பன் செத்துப்போய், புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, தம்பியை என்ஜினீயரிங் படிக்கவைத்த அண்ணன்கள் இருக்கிறார்கள். அந்தத் தம்பி பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கி, எனக்கும் சமபங்கு என்று கையெழுத்துப் போடும்போது அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த மனிதனுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்றால், கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அவன் முதலில் பிறந்ததற்காக அல்ல. அவன் உழைத்ததற்காக, கடனை அடைத்ததற்காக. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலில் பிறந்தவனுக்குத்தான் என்று வைத்தால், ஒன்றுமே செய்யாமல் சீட்டாடிக்கொண்டிருந்த மூத்தவனும் அதே பங்கை வாங்கிக்கொண்டு போவான், போயிருக்கிறான்.

கொடுப்பதற்கு வழியும் சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. தகப்பன் தான் சம்பாதித்த சொத்தை உயிலாகவோ, உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுகிற செட்டில்மென்ட்டாகவோ யாருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்து என்றால் மற்றவர்கள் மனமொப்பித் தங்கள் பங்கில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: மூத்தவர் என்ற ஹோதாவில் என்று எழுதாதீர்கள், இன்ன தங்கையின் கல்யாணத்துக்கு இன்ன வருடம் வாங்கிய கடனை இவர் தன் சம்பாத்தியத்தில் அடைத்ததற்காக என்று காரணத்தைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் எடுத்துப் படித்தாலும் தாத்தா ஏன் ஓரவஞ்சனை செய்தார் என்று கேட்க மாட்டார்கள். முழுவதையும் எழுதிக்கொடுத்துவிட்டு மகன் வீட்டு வராந்தாவில் தட்டேந்துகிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதினால், அவன் பார்க்காதபோது அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது, நிபந்தனையை எழுத மறக்காதீர்கள்.

சரி, உழைத்தவருக்குத்தான் கூடுதல் என்று ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வி வரும். முதலில் பிறந்து, படிப்பை நிறுத்தி, கூலிக்குப் போய்த் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தது யார்? பாதி வீடுகளில் அது அண்ணன் இல்லை, அக்கா. ஆத்தா களையெடுக்கப் போக, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுப்பூதியவள், அப்புறம் நூல் மில்லுக்கு மூன்று ஷிப்ட் போய்ச் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தவள். நம் வாசகர் தலைப்பிள்ளை தலைப்பிள்ளை என்று எழுதியிருக்கிறாரே, அந்தக் கடிதம் முழுக்க ஒரு இடத்தில்கூடத் தலைப்பிள்ளை பெண்ணாக இருந்தால் என்ற நினைப்பு அவருக்கு வரவில்லை.

அக்காமார் பதிவு அலுவலகத்துக்கு வருவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்துக்குத்தான். ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. அறுபது வயது இருக்கும், ஐந்து பேரில் மூத்தவர், தோட்டத்தில் கூலி வேலை. மூன்று தம்பிகளுக்கும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து எழுதியாகிவிட்டது. ரேகை வைக்கும் மெஷினில் கட்டைவிரலை வைத்தால் விழவே இல்லை, வேலை செய்தே தேய்ந்த விரல். முந்தானையில் துடைத்து வைத்தார், ஆள்காட்டி விரலை வைத்தார், இடது கையை வைத்தார், ஈரத்துணியில் துடைத்துப் பார்த்தார். பின்னால் நின்ற தம்பி, நல்லா அழுத்தி வைக்கா, மணியாச்சு என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "கல்யாணத்தின்போது நகை, சீர் முதலானவை பெற்றுக்கொண்டதால்" என்று பத்திரத்தில் வாசித்தபோது அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "எனக்கு என்னப்பா சீரு போட்டாங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. அது எல்லா விடுதலைப் பத்திரத்திலும் வருகிற வாசகம், அவ்வளவுதான்.

இந்த மூத்த மகள்களுக்குச் சட்டமும் கொஞ்ச காலம் வஞ்சனை செய்தது என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு உண்டு என்று 1989இல் கொண்டுவந்தார்கள், பெரிய விஷயம், மத்திய அரசுக்குப் பல வருடம் முந்தி. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது என்று ஒரு கோடு போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் நாலு பெண்கள் என்றால் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது யாராக இருக்கும்? சீக்கிரம் கட்டிக்கொடுக்கப்பட்ட மூத்தவள்தான். அவள் தூக்கி வளர்த்த கடைசித் தங்கைக்குப் பங்கு உண்டு, அவளுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் கல்யாணம் எப்போது ஆனது என்ற பேச்சு போனது, அப்புறம் தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா இல்லையா என்று ஒரு தகராறு நடந்து, 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதுவும் தேவையில்லை, மகள் என்று பிறந்தாலே பங்குதான் என்று முடித்துவைத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் ஒழுங்காகப் பதிவாகிவிட்ட பாகப்பிரிவினைகளைத் தொட முடியாது. நடுவில் அகப்பட்டுக்கொண்ட அக்காக்கள் அகப்பட்டவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பத்துக்குக் கர்த்தா, அதாவது குடும்பச் சொத்தை நிர்வகிக்கிற தலைவர் என்றால் மூத்த ஆண்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, டெல்லி உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது: பிறப்பால் பங்கு உண்டென்றால் மூத்தவள் பெண்ணாக இருந்தாலும் அவளே கர்த்தாவாக இருக்கலாம் என்று. மூத்தவருக்கு மரியாதை வேண்டும் என்கிற நம் வாசகர் இதைக் கேள்விப்பட்டால் சந்தோஷப்படுவாரா, சங்கடப்படுவாரா?

பெண்கள் தாங்களாகவே மனசார விட்டுக்கொடுக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். விட்டுக்கொடுக்கிறார்கள்தான். பேத்திக்குக் காது குத்தும்போது மாமன் மடி வேண்டும், நல்லது கெட்டதுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கோடித் துணி வர வேண்டும், புருஷன் வீட்டில் ஒரு சொல் விழுந்தால் போய் உட்கார ஒரு திண்ணை வேண்டும். பங்கு கேட்டால் இதெல்லாம் அறுந்துபோகும் என்ற பயத்தில் போடுகிற கையெழுத்துக்கு மனசார என்று பெயர் வைக்க என்னால் முடியவில்லை. பத்திரம் வாசித்துக் காட்டும் நேரத்தில் தம்பிமாரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் அவர் விடுகிற பங்கின் வழிகாட்டி மதிப்பு, அதாவது அரசுக் கணக்கில் உள்ள மதிப்பு இவ்வளவு ரூபாய் என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அரசு ஒரு விதி போட்டால் போதும். அதற்குப் பிறகும் அவர் விட்டுக்கொடுத்தால் அது அவர் இஷ்டம். பத்திர எழுத்தர்களும் அந்த நகை, சீர் வாசகத்தை அச்சு மாதிரி எல்லோருக்கும் போடாமல், நிஜமாகக் கொடுத்திருந்தால் மட்டும், எவ்வளவு என்று விவரத்தோடு போடலாம்.

கடைசியாக, இன்னும் பதிவே செய்யாமல் பெரியவர்கள் முன்னால் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு என்கிற பாகம் பிரித்த தாளை வைத்தே ஆண்டு அனுபவித்து வருகிற குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். அண்ணன் தம்பிகளுக்குள் பிரித்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறார்கள். வாய்வழியாகப் பிரித்தோம், வெறும் தாளில் பிரித்தோம் என்பதைக் கோர்ட்டு இப்போது லேசில் ஏற்றுக்கொள்வதில்லை. அந்தச் சீட்டை எடுத்து யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். மூத்த அக்காவின் கையெழுத்து அதில் இல்லை என்றால், அவர் இருக்கும்போதே போய்ப் பேசுங்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், பிறகு பதிவுக்கு வாருங்கள். குடும்பத்துக்குள் எழுதுகிற பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.